நடுவில் நிற்கும் குரல்

குரல் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்கவில்லை.

ஷிண்டோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டான். புது ஸ்பீக்கர்கள் இரண்டும் அவன் காதுக்கு நேர் மட்டத்தில் இருந்தன; டேப் பிடித்து அளந்தது போதாதென்று ரசமட்டமும் வைத்துப் பார்த்திருந்தான். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அவன் தலைக்கும் அவ்வளவே தூரம். இப்படி மூன்று பக்கமும் சமமாக அமைந்துவிட்டால் பாடுகிறவரின் குரல் இடது பெட்டியிலிருந்தும் வராது, வலது பெட்டியிலிருந்தும் வராது; இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத காற்றில், ஓர் ஆள் வந்து நின்று பாடுவதுபோலக் கேட்கும். ஸ்பீக்கரை ஒழுங்காக வைத்ததற்கு அதுதான் அத்தாட்சி. இன்றைக்கும் குரல் நடுவில் வந்து நின்றது. ஆனால் பெட்டிகளின் மட்டத்தில் இல்லை. அதற்கு மேலே, நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாய் எங்கே இருக்குமோ, அங்கே.

பாட்டை நிறுத்தினான். நின்ற பிறகு, நடுவில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வெளியே கர்க்கடக மாதத்து மழை காலையிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் அது கேட்காது. பாட்டுப் பதிவுக்காக ஜன்னல்களை அடைத்து, சுவருக்குச் சுவர் பஞ்சு வைத்து, மாடியின் இந்தப் பாதியை ஊரிலிருந்தே பிரித்தெடுத்த மாதிரி செய்திருந்தான். பகல் சாப்பாட்டு நேரமா, விடியற்காலையா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. புதுப் பிளைவுட்டின் வாசனை, பெவிக்காலின் புளிப்பு, ஈயம் வைத்துக் கம்பி ஒட்டிய புகை, எல்லாம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"என்ன, சரியா நிக்குதா?" என்று தரையில் உட்கார்ந்திருந்த தச்சர் வறீத் கேட்டார். மரச்சட்டத்தில் துணியை இழுத்துப் பின் அடித்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டப்போகும் பஞ்சுத் தட்டிகள்.

"கொஞ்சம் மேல நிக்குது சேட்டா."

"பொட்டிய இறக்கணுமா?"

"பொட்டி சரியாத்தான் இருக்கு."

"பொட்டி சரியா இருக்கு, குரல் மட்டும் மேல நிக்குது. அப்ப உன் காதுதான்டா தண்ணி போட்டிருக்கு." வறீத் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அவர் சிரிப்பு அப்படித்தான். "எனக்கு நடுவுலயெல்லாம் ஒண்ணும் கேக்கல. இந்தப் பக்கத்துப் பொட்டிலேருந்துதான் அவ பாடற மாதிரி இருக்கு."

"இந்த நாற்காலில உக்காந்தாத்தான் நடுவுல வரும்."

"அதுக்கு உங்க தொழில்ல ஏதோ பேரு சொல்வியே."

"ஃபேண்டம்."

"அப்டின்னா?"

ஷிண்டோ குனிந்து, ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த கேபிளை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். "சும்மா ஒரு பேரு. நிழல் மாதிரின்னு வெச்சுக்குங்க."

"என்னடா பொய் சொல்றே? என் தங்கச்சி மககிட்டக் கேட்டேன். பேய்னு சொன்னா." வறீத் அடுத்த பின்னை அடித்தார். "பேயோ என்னவோ. அவ நின்னு பாடறாள்ல, அது போதும்."

அவள் என்றால் ஆன்சி. வறீத்தின் மனைவி. அங்கமாலிப் பள்ளியில், அந்த ஊர்த் தேவாலயத்தில், பாட்டுக் குழுவுக்கு முன்னால் நின்றவள்; ஷிண்டோ அரைக்கால் சட்டை போட்ட வயதில் அவன் காதைத் திருகிச் சுருதி சொல்லிக் கொடுத்தவள். அவளைக் கல்லறைக்குக் கொண்டுபோய், நாற்பத்தொன்றாம் நாள் குர்பானா பூசையும் முடிந்துவிட்டது. பள்ளிப் பெருநாளுக்கு அவள் பாடிய பாட்டுகளை வெளியிட வேண்டும் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்த ஸ்பீக்கர்கள், இந்த அளவு, இந்த மெனக்கெடல். கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. அவள் அதைப் பாடிக்கொண்டிருந்தபோதுதான், இதே மாடியில், பக்கத்து அறையில் இறந்துபோனாள்.

பக்கத்து அறை என்பது முன்பு சாமான் போட்டு வைக்கிற அறை. அதைப் பாடுகிற அறையாக மாற்றினான். உள்ளே ஒரு மைக், ஒரு ஹெட்போன், சின்ன விளக்கு. கண்ணாடி ஜன்னல் வைக்கக் கைவசம் அப்போது எதுவும் இல்லை. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் மைக்தான் வழி. கதவை வறீத் செய்துகொடுத்தார். இரட்டைப் பலகை, நடுவில் மணல், சுற்றிலும் ரப்பர் பட்டை. ஆன்சி அதைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள கெடந்து நான் அலறினாக்கூட இவருக்குக் கேக்காது, நிம்மதி," என்று கணவரைச் சீண்டியது ஷிண்டோவுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனால் தேவலை என்று அவன் பலமுறை வேண்டிக்கொண்டதும் உண்டு.

அன்றைக்கு அவள் பாடிக்கொண்டிருக்கும்போது எர்ணாகுளத்துக் கடைக்காரனிடமிருந்து போன் வந்தது. இந்த ஸ்பீக்கர்களைப் பற்றித்தான். ஷிண்டோ மேசையில் இருந்த மியூட் பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய ஸ்பீக்கர்கள் வாயை மூடிக்கொண்டன. ஸ்டாண்டைச் சும்மா சேர்த்துக் கொடு என்று பேரம் பேசினான். கடைக்காரன் ஜோக் அடித்தான், இவனும் சிரித்தான். பேரம் படிந்தது. போனை வைத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மனைவிக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிட்டு, பிறகுதான் பட்டனை எடுத்தான். பாட்டு கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

கதவு ஒரே இழுப்பில் திறந்தது. அவள் மைக்குக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்துமாக்காரி. மருந்து வைத்த பை வெளியே, இவன் அறையில், இவன் கைக்கெட்டும் சோபாவில் இருந்தது.

மைக் எதையும் விட்டுவைக்கவில்லை. அன்று இரவே அவன் அதைக் கேட்டான். இருமல். இரைப்பு. பிறகு, "ஷிண்டோ, என் பேக்." பிறகு, "மோனே, கேக்குதா?" எழுந்து போய்க் கதவைத் தள்ள அவளுக்குத் தெம்பு இல்லாமல் போவதற்கு முன்னால் நேரம் இருந்தது. அவள் எழவில்லை. ஷிண்டோவுக்குப் பாம்புச் செவி என்று ஊரே சொல்லும். பாடும்போது எச்சில் விழுங்கினால்கூட நிறுத்தச் சொல்லிவிடுவான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்று அவள் நம்பி உட்கார்ந்திருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவனைத் தின்றது. அந்தப் பகுதியை வெட்டி அழித்தான். அழித்த இடத்தில் வேறு எதையோ பதிந்து, அதையும் அழித்தான்.

அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை அவன் அன்று பகலிலேயே செய்திருந்தான். ஆட்கள் ஓடிவந்து எப்படி, எப்படி என்று கேட்டபோது, "கதவு இறுகிப்போச்சு, இழுத்து இழுத்துப் பாத்தேன்," என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்துத் திரும்பினால் படியில் வறீத். அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். அதன்பின் தன் கைகளைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வறீத் ஒரு கதவும் செய்யவில்லை. ஒப்புக்கொண்ட வேலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குர்பானா முடிந்த மறுநாள் இழைப்புளியும் உளிப்பெட்டியுமாக வந்து நின்று, "மழைல மரம் ஊதும்னு தெரியாதவனா நான்? தச்சனாடா நான்? அந்தக் கதவ சரிபண்ணித் தரேன், இன்னொரு உயிர் அதுல மாட்டக் கூடாது," என்றார். அன்றிலிருந்து வருகிறார். கூலி வாங்குவதில்லை. அவர் ஒவ்வொரு முறை இழைப்புளியைத் தள்ளும்போதும், சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று ஷிண்டோ தனக்குள் சொல்லிக்கொள்வான். பிறகு போய்ச் சாயா போட்டுக்கொண்டு வருவான்.

"கண்ணாடி வேணும்னியே, கொண்டாந்திருக்கேன்," என்று வறீத் எழுந்தார்.

பக்கச் சுவரில் எந்த இடத்தில் பட்டுச் சத்தம் திரும்பி வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேட்கிறவன் நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொருவர் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே பஞ்சுத் தட்டியை மாட்டினால் போதும். ஒரு சின்னக் கண்ணாடிதான் ஷிண்டோ கேட்டிருந்தான். வறீத் கொண்டுவந்தது பீரோவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடி.

"இது எதுக்கு சேட்டா?"

"வீட்ல இனி யாரு பாக்கப் போறா?"

கண்ணாடியைத் துடைக்காமல் கொண்டு வந்திருந்தார். ஓரத்தில் ஒரு ஹேர்பின் செருகியிருந்தது. பெவிக்கால் வாசனைக்கு நடுவே முகப்பவுடரின் வாசனை லேசாக வந்தது. ஷிண்டோ நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

வறீத் நகர்த்தினார். கண்ணாடியில் முதலில் எதிர்ச்சுவர் வந்தது. மேசையின் ஓரம் வந்தது. பிறகு வலது பெட்டி மெதுவாக உள்ளே நுழைந்தது. அதற்கு அப்பால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, வெறும் காற்றாக இருக்க வேண்டிய இடத்தில், வெந்தய நிறத்தில் ஒரு சுடிதார் ஷால் இடுப்பில் முடிந்திருந்தது. பாடும்போது ஷால் உரசும் சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்று ஆன்சி எப்போதும் அப்படித்தான் முடிந்துகொள்வாள்.

ஷிண்டோ சட்டென்று நேராகத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பெட்டிகள். நடுவில் காலியான சுவர். மறுபடி கண்ணாடிக்குத் திரும்பியபோது வறீத் கொஞ்சம் நகர்ந்திருந்தார். கண்ணாடியில் பெட்டியின் விளிம்பு மட்டும் இருந்தது.

"தெரிஞ்சுதா?"

"ம்."

"பொட்டிதானே?"

"ஆமா."

வறீத் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் கோடு போட்டார். கண்ணாடியை எதிர்ப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டியை எடுத்து அந்தக் கோட்டில் மாட்டினார். ஷிண்டோவின் சட்டைக்குள் வியர்வை இறங்கியது. தூக்கமில்லாத கண், பார்க்கக் கூடாததைப் பார்க்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவன் நம்பவும் இல்லை.

"கஞ்சி கொண்டாந்தேன், சூடு பண்ணிட்டு வரேன். பயறும் இருக்கு. நீ காலைலயே ஒண்ணும் தின்னல," என்று வறீத் கீழே போனார்.

அவர் போனதும் அறை சுருங்கிய மாதிரி இருந்தது. பாட்டு ஓடவில்லை. கம்ப்யூட்டர் திரை அசையாமல் கிடந்தது. ஆனால் ஸ்பீக்கர்களின் நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, முதலில் மின்சார இரைச்சல் என்றுதான் நினைத்தான். கம்பியை அவனே ஈயம் வைத்து ஒட்டியது. எங்காவது ஒட்டு விட்டிருக்கும். காது கொடுத்துக் கேட்டான். இரைச்சல் ஒரே சீராக இல்லை. மேலே ஏறியது, சிக்கியது, மெல்லிய விசில்போல இறங்கியது. மறுபடி ஏறியது. அந்தச் சத்தத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை அவன் இரண்டு முறை அழித்திருந்தான்.

அவன் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டிக்குப் போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுவில் நிற்கும் குரல் உடைந்து காணாமல் போய்விடும். அந்தத் தப்பை அவன் இப்போது வேண்டுமென்றே செய்தான். ஈயக்கோலைச் சூடாக்கி, இடது பெட்டியின் கம்பிகளை மாற்றி ஒட்டினான். செருகினான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

நடுவில் ஒன்றும் இல்லை. காலி. அவ்வளவு சுத்தமான காலி. மூச்சை விட்டான்.

"ஷிண்டோ."

பிடரியில். இடமும் இல்லை, வலமும் இல்லை. தலைக்குப் பின்னால், காதுக்குள்ளே, மண்டைக்குள்ளே, எங்கிருந்து என்று சொல்ல முடியாத எல்லா இடத்திலிருந்தும்.

"மோனே. என் பேக்."

கழுத்து முடி அசைந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் எங்கே பார்ப்பது? விழுந்தடித்து மேசைக்குக் கீழே போய், விரல் சுட்டுக்கொண்டு, கம்பிகளை மறுபடி பழையபடி ஒட்டினான். குரல் பிடரியை விட்டுப் போய் முன்னால், நடுவில், தன் உயரத்தில் நின்றுகொண்டது. இரைத்தது. முன்னால் நிற்பதே மேல் என்று அவனுக்குத் தோன்றியது. நிற்கட்டும். அவள் நிற்க வேண்டிய இடம்தான். அழுகை வந்தது. வறீத் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று முதல்முறையாக உண்மையாகவே நினைத்தான்.

வறீத் கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்த நொடியில் இரைப்பு நின்றது.

"சேட்டா, அந்தக் கதவு..."

"அதான் நானும் சொல்ல வந்தேன். நேத்தே ரப்பர் மாத்திட்டேன், அடில கொஞ்சம் இழைச்சேன். இன்னைக்குச் சோதிச்சுடலாம்." கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் புரியலடா. அவ பேக் எங்க போச்சு? மருந்து அதுலதான் வெப்பா. பஸ்ல விட்டுட்டாளோ என்னமோ. அவசரக் குடுக்கை. அது கைல இருந்திருந்தா, கதவு இறுகினாலும் நீ வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சிருப்பா."

பை ஷிண்டோவின் முழங்காலுக்குப் பக்கத்தில், மேசையின் கீழ் டிராயரில், பழைய கேபிள்களுக்கு அடியில் இருந்தது. ஆட்கள் வருவதற்குள் எடுத்து ஒளித்தான். தூக்கிப் போட மனம் வரவில்லை. கொடுக்கத் துணிவு வரவில்லை.

"என்னமோ சொல்ல வந்தியே?"

ஷிண்டோ கஞ்சியை ஒரு வாய் குடித்தான். "ஒண்ணுமில்ல சேட்டா. கதவு நல்லா வந்திருக்குன்னு."

வறீத் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் உள்ள போய்ச் சாத்திக்கறேன். பேசறேன். வெளிய கேக்குதா பாரு. அப்புறம் உள்ளேருந்து தள்றேன், எப்படித் திறக்குதுன்னு பாப்போம்."

"நீங்க போகாதீங்க. நான் போறேன்."

"நான் செஞ்ச கதவு. நான்தான் போகணும்."

கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. காற்று மட்டும் காதில் லேசாக அழுத்தியது. ஷிண்டோ நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வறீத்தின் மூச்சு வந்து நின்றது. பெட்டிகளின் மட்டத்தில், எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது.

"ஷிண்டோ, கேக்குதா? அந்தக் காதுல மாட்றத நானும் மாட்டிக்கிட்டேன்." பலகையைத் தடவும் சத்தம். "இங்க இருட்டா இல்ல. நான் நினைச்சேன் இருட்டா இருக்கும்னு. அவளுக்கு இருட்டுன்னா பயம்." பலகையைத் தட்டும் சத்தம். "வெளிய சொல்ல முடியல, இங்கயாவது சொல்றேன். அவதான்டா கேட்டா, கதவு நல்லா டைட்டா இருக்கட்டும்னு. நான் ஒரு ரப்பர் கூடவே வெச்சேன். அவ மெச்சணும்னு. அந்த ஒரு ரப்பர்தான்..."

அவர் குரலுக்கு மேலே, ஒரு தலை உயரத்தில், இரைப்பு தொடங்கியது.

"எடா, நீயா கூப்பிட்டே?" என்றார் வறீத்.

ஷிண்டோ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல... பொம்பளக் குரல் மாதிரி..." என்றார் வறீத்.

"ஷிண்டோ," என்றது நடுவில். "மோனே, கேக்குதா?"

கை தானாகப் போனது. பட்டனை அமுக்கியது.

சிவப்பு விளக்கு.

அமைதி. இரண்டு குரலும் போயின. இப்படி ஓர் அமைதியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. மழை இல்லை. மூச்சு இல்லை. யாரும் கூப்பிடவில்லை. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு, நன்றி, நன்றி என்று யாருக்கோ சொன்னான். நல்ல நாற்காலி. நல்ல ஸ்பீக்கர். நல்ல அமைதி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு தலையைத் தூக்கினான். விளக்கைப் பார்த்தான்.

அதே சிவப்பு. அதே விரல். உள்ளே ஆள்.

ஓடினான். கால் கேபிளில் சிக்கியது. கதவு. கைப்பிடி. இழுத்தான். ஒரே இழுப்பு. திறந்தது. அன்றைக்குத் திறந்த மாதிரியே, அவ்வளவு சுலபமாக.

வறீத் தரையில், மைக்குக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் காதில் இருந்தது. கண் திறந்திருந்தது. வறீத் கண்ணைச் சிமிட்டினார்.

உயிரோடு இருக்கிறார். ஷிண்டோ கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சேட்டா. சேட்டா, கதவு இறுகல. அன்னைக்கும் இறுகல. உங்க மேல தப்பில்ல. நான்தான். நான் மியூட் போட்டுட்டு போன்ல..."

வறீத் கையைத் தூக்கினார். உள்ளங்கை. சும்மா இரு என்பதுபோல.

"சத்தம் போடாதே," என்றார் மெதுவாக. "அவ பேசறது கேக்கல."

எழுந்தார். ஹெட்போனைக் கழற்றித் தொங்கவிட்டார். இவனைத் தொடாமல், இவனைப் பார்க்காமல், இவனைத் தாண்டிப் போனார். ஷிண்டோவின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தி, சரியான இடத்தைத் தேடினார். கிடைத்தது.

"ம்," என்றார். "இப்ப நடுவுல நிக்குறே."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகள் ஊமையாக இருந்தன. ஷிண்டோவின் பாம்புச் செவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூச்சுகூட.

"நான்தான் சேட்டா," என்றான். "அவங்க கூப்பிட்டாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாம் அதுல இருந்துச்சு. நான் அழிச்சேன்."

வறீத் திரும்பவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ம், ம் என்று தலையசைத்தார். வீட்டில் அவள் நீளமாக ஏதோ சொல்லும்போது எப்படிக் கேட்பாரோ, அப்படி. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பிறகு முகம் மாறியது. தாடை இறுகியது.

"எந்த டிராயர்?" என்றார். "கீழயா?"

"சேட்டா." ஷிண்டோ கத்தினான். கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. பஞ்சு வைத்த சுவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டன.

வறீத் குனிந்தார். டிராயரை இழுத்தார். கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பையை மடியில் வைத்து ஜிப்பைத் திறந்தார். அந்தச் சின்ன நீல மருந்துக் குழலை எடுத்தார். வேட்டி முனையால் துடைத்தார்.

எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடி. அதில் மேசை. அதில் இரண்டு பெட்டிகள். நடுவில் வெந்தய நிறம். இடுப்பில் முடிச்சு. அதற்கு மேலே பார்க்க ஷிண்டோவால் முடியவில்லை. பார்த்தான். அவள் வறீத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. கேக்குதா?

கேட்கவில்லை.

"இந்தா," என்றார் வறீத். கையை நீட்டினார், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றும் இல்லாத காற்றில், பெட்டிகளின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. "மெதுவா. மெதுவா இழு."

விரல்களைப் பிரித்தார். கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குழல் கீழே விழவில்லை.